செடி தளதளன்னு இருக்கு, பூதான் இல்லை: தாழ்வாரத் தோட்டத்தில் கோளாறு பார்ப்பது எப்படி

சிங்கப்பூர் ஈசூனில் எட்டாவது மாடி, வாசலை ஒட்டிய தாழ்வாரம், பதினான்கு தொட்டி. என் தோட்டம் இவ்வளவுதான். செம்பருத்தி, மல்லிகை, இட்லிப்பூ, காகிதப்பூ, ஒரு அடினியம், கம்பியில் ஏறிக்கொண்டிருக்கும் சங்குப்பூ. இத்தனை வருஷத்தில் நான் சாகடித்த செடிகளை உயிரோடு திருப்பித் தந்தால் ஒரு நர்சரியே போடலாம். பெரும்பாலும் ஒரே தப்புதான்: என்ன கோளாறு என்று பார்க்காமலே உரமோ மருந்தோ வாங்கி ஊற்றியது.

சிங்கப்பூரில் பகல் வருஷம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரம். குளிர்காலமும் கிடையாது. இலை விடுவதற்குச் சொர்க்கம். ஆனால் பல பூச்செடிகளுக்கு "சரி, இலை போதும், இனிமேல் பூ" என்று யாராவது சொல்ல வேண்டும், அதைச் சொல்லப் பருவம் இங்கே வராது. வெயில், கொஞ்சம் தாகம், கத்தரிக்கோல் இந்த மூன்றையும் வைத்து நாம்தான் சொல்ல வேண்டும். கீழே வருவதில் பாதி இதுதான், மீதி பூச்சி.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், செய்துவிட்டு மூன்று வாரம் பொறுங்கள். இடத்தை மாற்றி, உரம் போட்டு, வேப்பெண்ணெயும் அடித்துவிட்டால், செடி பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது, செத்தாலும் தெரியாது.

இலை ஏராளம், மொட்டே இல்லை

அதிகம் பேர் கேட்பது இதைத்தான்.

முதலில் வெயிலை எண்ணுங்கள். "நல்ல வெளிச்சமா இருக்கே" என்பது கணக்கில் வராது. நம் கண் வெளிச்சத்துக்குப் பழகிவிடும், செடி பழகாது. நேர் வெயில் தொட்டியின் மேல் எத்தனை மணி நேரம் விழுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து மணிக்கொரு தடவை கதவைத் திறந்து, வெயில் விழும் எல்லையில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டினேன். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால், செம்பருத்தி நின்ற மூலைக்கு வந்தது ஒன்றரை மணி நேரம். நாலடி தள்ளி, நான் செருப்பு ஸ்டாண்ட் வைத்திருந்த இடத்துக்கு மூன்றே முக்கால். செருப்புகள் நன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன.

காகிதப்பூவுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். செம்பருத்திக்கும் மல்லிகைக்கும் நாலுக்குக் குறைந்தால் பூ பேருக்குத்தான். இட்லிப்பூவும் ஏறக்குறைய அப்படியே. ஒன்றிரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறதென்றால் ஆந்தூரியம், பிகோனியா, ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் பக்கம் போய்விடுங்கள். அந்த இடத்தில் காகிதப்பூவோடு மல்லுக்கட்டுவது வீண்.

அப்புறம் ஒரு விஷயம். இதைப் புரிந்துகொள்ள எனக்கே வெகுநாள் ஆயிற்று. "ஜூனில் நல்லா பூத்துச்சு, டிசம்பரில் நின்னுடுச்சு, உரம் தீர்ந்துபோச்சா?" என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் தாழ்வாரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பாருங்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு ஆண்டில் பாதி நாள்தான் நேர் வெயில், தெற்குப் பார்த்ததற்கு மற்றப் பாதி. செடியில் ஒரு கோளாறும் இல்லை, சூரியன் கட்டடத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது. என் புளோக் வடக்குப் பார்த்தது. அதனால் அக்டோபர் வந்தால் காகிதப்பூவைச் சமையலறைப் பக்கத்து ஜன்னலடிக்கு, உள்பக்கமாக, மாற்றிவிடுவேன், ஏப்ரலில் திரும்ப வாசலுக்கு. கிழக்கு, மேற்கு பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அவர்களுக்கு அரை நாள் வெயில் வருஷம் பூராவும் உண்டு. இன்னொன்று, நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதால் உச்சி வெயில் இங்கே ஒரு மணிக்குத்தான். பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

வெயில் சரியாக இருந்தும் பூ இல்லையா? அடுத்து உரம். கோழி எரு உருண்டை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அதில் தழைச்சத்து தூக்கல், இலைதான் வரும். அதை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, பையில் மூன்று எண் போட்டிருக்கும் உரமாகப் பார்த்து, தழைச்சத்தைக் காட்டும் முதல் எண்ணைவிடக் கடைசி எண், அதாவது சாம்பல்சத்து, கூடியதாக வாங்குங்கள். பையில் சொன்ன அளவில் பாதி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வாழைப்பழத் தோலை ஊறவைத்த தண்ணீரைப் பற்றி வாட்சாப்பில் வருவதெல்லாம் நானும் செய்து பார்த்தேன். எறும்பும் பழ ஈயும் வந்தன, பூ வரவில்லை.

காகிதப்பூவுக்கு மட்டும் தனி வைத்தியம்: பட்டினி. நம் ஊர் மேம்பாலங்களில் நடந்து போகும்போது பாருங்கள், குறுகலான தொட்டியில், கொளுத்தும் வெயிலில், வேர் பரப்ப இடமே இல்லாமல் நிற்கிறது, அந்தப் பூப்பு பூக்கிறது. வீட்டில் நாம் பெரிய தொட்டி வாங்கி, தினமும் தண்ணீர் ஊற்றி, செல்லம் கொடுக்கிறோம். தண்ணீரை நிறுத்துங்கள். இலை தொங்க ஆரம்பிக்கும், மனசு கேட்காது, ஆனாலும் அந்த நேரம் வரும்வரை பொறுங்கள். தொங்கியதும் அளவாக ஊற்றி, மறுபடி காயவிடுங்கள். இப்படி மூன்று நாலு சுற்று. இதைத்தான் வானமே சில வருஷம் ஊருக்கெல்லாம் செய்கிறது. பிப்ரவரியில் நாலைந்து வாரம் காய்ந்து, பிறகு மழை கொட்டியதும் சாலையோர ட்ரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துத் தள்ளுமே, அதே சங்கதி. தாழ்வாரத்துச் செடிக்குக் கூரை இருப்பதால் வறட்சி நம் கையில் இருக்கிறது, அது ஒரு வசதி.

என் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தபோது, "பச்சைப் பிள்ளையை இப்படிக் காயப்போடுறியே"ன்னு சொல்லி, நான் வேலைக்குப் போனதும் ஒரு சொம்பு ஊற்றிவிடுவார். அந்த இரண்டு மாதமும் ஒரு பூ இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை.

மல்லிகைக்குத் தாகம் வேண்டாம், கத்தரி வேண்டும். புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு கட்டும். ஊரில் மல்லிகைத் தோட்டக்காரர்கள் கார்த்திகை வாக்கில் கவாத்து செய்வார்கள். இங்கே கார்த்திகையும் சித்திரையும் ஒன்றுபோல இருப்பதால் நாம் மறந்துவிடுகிறோம், கொடி கம்பு கம்பாக ஓடிப்போகிறது. ஒரு பூப்பு முடிந்ததும் எல்லாக் கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள், பழைய இலைகளையும் உருவிவிடுங்கள். செடி மொட்டையாக நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர்கள் துக்கம் விசாரிப்பார்கள். வெயில் இருந்தால் ஐந்தாறு வாரத்தில் துளிர் நுனியெல்லாம் மொட்டு.

மொட்டு வருகிறது, விரிவதற்குள் உதிர்கிறது

செம்பருத்தியில் இது சகஜம். உதிர்ந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே புழுவோ கறுத்த இடமோ இருந்தால் பூச்சி. சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீர்க் கோளாறு: நாலு நாள் மறந்துவிட்டு ஐந்தாவது நாள் குளிப்பாட்டுவது. உயரமான மாடிகளில் காற்று மண்ணை வேகமாகக் காயவைக்கும், கீழ்த்தளத்து நண்பர் சொல்லும் அட்டவணை நமக்கு ஒத்துவராது. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஈரத் தொட்டியின் கனம் கைக்குப் பழகிவிட்டால் அதன் பிறகு வேறு கருவி தேவையில்லை.

மொட்டு கட்டிய பிறகு தொட்டியை இடம் மாற்றினாலும் கொட்டிவிடும். விருந்தாளி பார்க்கட்டும் என்று வாசலுக்கு எதிரே கொண்டுவந்து வைத்தால், அவர்கள் வரும் நாளில் வெறும் கொம்புதான்.

வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு மொட்டின் மேல் தட்டினால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய கோடுகள் ஓடுகிறதா? இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளிக் கட்டிப்போட்டுக் குப்பையில் எறியுங்கள், தொட்டியிலேயே போடாதீர்கள். மல்லிகை மொட்டு ஊதா நிறம் ஏறி, பொடித் துளையோடு இருந்தால் மொட்டுப்புழு. அதற்கும் இதே வைத்தியம், கூடவே வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், பாத்திரம் கழுவும் சோப்பு நாலைந்து சொட்டு, நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கணும். பகலில் அடித்தால் இலை கருகும்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி. நுனியில் இருக்கும் இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. இட்லிப்பூவில் அடிக்கடி பார்க்கலாம். அதற்குப் புளிப்பு மண் வேண்டும். நம் பைப் தண்ணீரோ சற்றுக் காரம், அடுக்குமாடியில் சுற்றிலும் சிமெண்டு. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாமல் தவிக்கும். செலேட் செய்த இரும்பு, அதாவது வேர் சுலபமாக எடுக்கும்படி பக்குவப்படுத்தியது, என்று நர்சரியில் பொட்டலம் கிடைக்கும், கொஞ்சமாகக் கரைத்து ஊற்றினால் அடுத்து வரும் இலை பச்சையாக வரும், ஏற்கெனவே மஞ்சளானது முழுசாகத் திரும்பாது.

அடி இலைகள் மஞ்சளாகி நரம்பு பச்சையாக இருந்தால் மக்னீசியம், எப்சம் உப்பு ஒரு டீஸ்பூன் நாலு லிட்டருக்கு. அடி இலை நரம்போடு சேர்த்து மொத்தமாக மஞ்சள் என்றால் தழைச்சத்துக் குறைவு, அல்லது தண்ணீர் அதிகம். விரலை மண்ணில் இரண்டு கணு வரை விட்டுப் பாருங்கள், எது என்று தெரிந்துவிடும். மாதத்துக்கு நாலைந்து இலை மஞ்சளாகி விழுவது வெறும் வயசு.

வெள்ளைப் பஞ்சு, கரிப் படிவு, எறும்பு வரிசை

மூன்றும் ஒரே குடும்பச் சண்டை. பஞ்சுபோல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கும், அந்த இனிப்புக்கு எறும்பு வரும், அதே இனிப்பின் மேல் கரும்பூசணம் படியும். எறும்பு மாவுப்பூச்சிக்குக் காவல் காக்கும், கன்றுக்குட்டி மேய்ப்பதுபோல. அதனால் எறும்புக்கு வழி அடைக்காமல் பூச்சியை மட்டும் துடைத்தால் பத்து நாளில் பழைய கதைதான்.

கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளையை முதலில் வெட்டுங்கள், எறும்பின் பாலம் அதுதான். பிறகு 70 விழுக்காடு ஆல்கஹாலில் காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். தொட்டதும் வெள்ளை கரைந்து உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சின்ன உடம்பு தெரியும். இலைக் காம்பு தண்டோடு சேரும் கக்கத்திலும், இலையின் அடியிலும், தொட்டி விளிம்பின் உட்புறத்திலும் பாருங்கள். நான் விளிம்பைப் பார்க்காமல் விட்டு மூன்று மாதம் அவதிப்பட்டேன். வாரத்துக்கு ஒருமுறை, நாலு வாரம். பாதிச் செடிக்கு மேல் பிடித்திருந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பையில் கட்டி எறிந்துவிடுங்கள், மற்ற பதின்மூன்று தொட்டியையாவது காப்பாற்றலாம்.

இலை மங்கிப்போய், தூசி படிந்ததுபோல, அடியில் மெல்லிய வலையோடு இருந்தால் அது வேறு, சிவப்புச் சிலந்தி. மழை படாத தாழ்வாரத்தில் அதற்குக் கொண்டாட்டம். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். ஆனால் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்யுங்கள், கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பார்.

மண் ஈரம், செடி வாடல்

வாடியிருக்கிறதே என்று இன்னும் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்வது, அதோடு கதை முடிந்துவிடும். வேர் அழுகி, தண்ணீர் எடுக்க முடியாமல்தான் வாடுகிறது. வடகிழக்குப் பருவமழை நேரத்தில், டிசம்பர், ஜனவரியில், சாரல் அடிக்கும் தாழ்வாரங்களில் அடினியத்துக்கு இது கட்டாயம் வரும். அடித்தண்டை விரலால் அழுத்துங்கள். உருளைக்கிழங்குபோலக் கெட்டியாக இருந்தால் பயமில்லை, பழுத்த வாழைப்பழம்போல அமுங்கினால் உடனே பிடுங்கணும். கறுத்த பகுதியை, சுத்தமான வெள்ளைச் சதை தெரியும்வரை, கத்தியால் சீவுங்கள். கையுறை போடுங்கள், அதன் பால் விஷம். நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, உலர்ந்த மண்ணில் நட்டு, அதன் பிறகும் ஒரு வாரம் தண்ணீர் காட்டக் கூடாது.

மண்ணும் ஒரு காரணம். நர்சரிகளில் விற்கும் சுட்ட மண்ணை மட்டும் நிரப்பினால் ஒரு வருஷத்தில் பொடிந்து, சேறாகி, மேலே ஓடுபோல இறுகிவிடும். நான் அதில் பாதி எடுத்து, மீதிக்குப் பெர்லைட்டும் (வெள்ளையான, லேசான கல் பொரி) தேங்காய் நார்த்தூளும் மக்கிய உரமும் கலக்கிறேன். அடினியத்துக்கு நார்த்தூளே வேண்டாம்.

நிறம் மாறிப்போச்சு, நிறமே வரலை

காகிதப்பூவில் நாம் பூ என்று சொல்வது பூவடி இலைகளை, உண்மையான பூ நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். நிழலில் அந்த இலைகள் வெளுத்துவிடும். அவ்வளவுதான், வெயிலில் வையுங்கள்.

கிறிஸ்மசுக்கு வாங்கிய பாயின்செட்டியா அடுத்த வருஷம் சிவக்கவே இல்லையா? தாழ்வார விளக்கைப் பாருங்கள். அந்தச் செடிக்குச் சுமார் இரண்டு மாதம், தினமும் 14 மணி நேரம், இடைவிடாத இருட்டு வேண்டும். நம் தாழ்வாரத்தில் இரவு முழுக்க விளக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழு மணிக்குத் திறக்கணும். நான் பன்னிரண்டு நாள் செய்தேன். பதின்மூன்றாம் நாள் மறந்துபோனேன், பதினான்காம் நாள் செடியை ஒரு தோழிக்குக் கொடுத்துவிட்டேன்.

சீனப் புத்தாண்டுக்குக் கடைகளில் குவியும் சாமந்தி, குளிர்பிரதேசத்து ஹைட்ரேஞ்சியா இவையெல்லாம் வாடினால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பூங்கொத்து வாங்கினதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வாண்டா மிஸ் ஜோக்கிம் நெட்டையாக வளர்கிறது, பூக்கவில்லை

1981இல் இந்த ஆர்க்கிட்டைச் சிங்கப்பூரின் தேசிய மலராக்கியது, 1893இலேயே பதிவானது, ஆக்னஸ் ஜோக்கிம் தஞ்சோங் பகாரில் தன் தோட்டத்தில் வளர்த்தெடுத்தது, இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். படிக்காதது: அது நாள் முழுக்க வெயில் கேட்கும், ஏறிப்போகும் கம்பின் உச்சியைத் தாண்டித் தலையை வெளியே நீட்டினால்தான் பூக்கும். பெரும்பாலான தாழ்வாரங்களில் இரண்டும் நடக்காது. பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

தட்டில் கொசுப்புழு

செடிக்கு வந்த நோய் இல்லைதான், ஆனால் இதற்கு அபராதம் உண்டு. டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். தொட்டித் தட்டில் தேங்கும் தண்ணீர் மட்டுமல்ல, மேல்மண் இறுகிப்போய் அதன் மேல் குளம் கட்டினாலும் அதற்குப் போதும். ஒரு பழைய முள்கரண்டியை வைத்திருந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள், வேருக்கும் காற்றுப் போகும். தட்டைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவணும், ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தபடியே பல மாதம் கிடக்கும்.

நான் தட்டுகளையே எடுத்துவிட்டேன். அப்படியானால் தண்ணீர் தாழ்வாரத்தில் ஓடி, எதிர்வீட்டு ஆன்ட்டியின் வாசல்வரை போகுமே என்றால், போனது. முதல் வாரம் அவர் மாப்பை எடுத்துக்கொண்டு நின்றார். இப்போது ஒரு லிட்டர் பாட்டிலின் மூடியில் ஊசியால் மூன்று துளை போட்டு, காலையில் ஒவ்வொரு தொட்டிக்கும் மெதுவாக, அடியில் முதல் சொட்டு எட்டிப் பார்த்ததும் நிறுத்துகிறேன். பதினான்கு தொட்டிக்கும் இருபது நிமிஷம். தொட்டிகள் சுவரோரமாக ஒரே வரிசை, நடக்க 1.2 மீட்டர் விட்டிருக்கிறேன், கைப்பிடிச் சுவர் மேல் எதுவும் கிடையாது. போன வாரம் மல்லிகை ஒரு கைப்பிடி பூத்தது. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கும் சரத்தில் பாதிகூட வராது. எதிர்வீட்டு ஆன்ட்டிக்குக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன், டீயில் போடப்போகிறேன் என்றார்.